தலையில் மாட்டிக்கொள்ளும் கிடங்கு: ஃபோர்க்லிஃப்ட் பயிற்சியில் வி.ஆர். கருவிகள்

கேட்டியில் வீடு வாங்கும் தமிழர்கள் பெரும்பாலும் பள்ளிக்கூடத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். டெக்சாஸின் ஹூஸ்டனிலிருந்து ஐ-10 நெடுஞ்சாலையில் மேற்கே வந்தால், எண்ணெய் நிறுவனங்களின் அலுவலகங்கள் நிறைந்த எனர்ஜி காரிடாரைத் தாண்டியதும் இந்த ஊர் வந்துவிடும். பெரியவர்களுக்கு வேலை பக்கத்தில், பிள்ளைகளுக்குக் கேட்டி ஐ.எஸ்.டி. என்ற பள்ளி மாவட்டத்தின் பள்ளிகள். குடியிருப்புகள் வருவதற்கு முன்பு இது நெல் விளைந்த பூமி. நெல்லை உலர்த்திச் சேமித்த உயரமான கட்டடங்கள் பழைய ரயில் பாதையோரம் இந்த ஊரின் அடையாளமாக நின்றன. இப்போது நிலத்தைப் பிடித்திருப்பவை வேறு வகைக் கிடங்குகள். ஐஸ்பெட்டி செய்யும் இக்லூ நிறுவனத்துக்கும், விளையாட்டுப் பொருள் விற்கும் அகாடமி நிறுவனத்துக்கும் தலைமையகம் கேட்டிதான். ஐ-10 சாலையோரமாக மேற்கே புரூக்‌ஷயர் வரை ஜன்னலே இல்லாத நீளநீளமான வெள்ளைக் கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. ஹூஸ்டன் துறைமுகத்தின் பார்பர்ஸ் கட், பேபோர்ட் முனையங்களில் இறங்கும் கன்டெய்னர்கள் பல இந்தப் பக்கம்தான் வருகின்றன.

அந்தக் கட்டடங்களுக்குள் முள்போன்ற ஃபோர்க்கில் சரக்கைத் தூக்கிக்கொண்டு ஓயாமல் ஓடும் வண்டி ஃபோர்க்லிஃப்ட். அதை ஓட்டுபவர்களை எப்படிப் பழக்குவது என்பது நெடுநாள் கேள்வி. தலையில் ஒரு ஹெட்செட்டை மாட்டிவிட்டு, கண்ணுக்கு மட்டும் தெரியும் கிடங்கில் ஓட்டவைத்தே பாதிப் பாடத்தை முடித்துவிடலாம் என்கிறார்கள் சிமுலேட்டர் விற்பவர்கள். மெய்நிகர் உலகம், வி.ஆர்., என்று அழைக்கப்படும் அந்தக் கருவி எதைக் கற்றுத்தருகிறது, எங்கே கைவிடுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆபத்தைக் கண்ணால் அடையாளம் காணவும் முதல் நாள் தடுமாற்றத்தைத் தாண்டவும் இதைப் போல நல்ல கருவி இதுவரை வந்ததில்லை. ஆனால் ஃபோர்க்லிஃப்டின் எடையையும் வேலை நடக்கும் தரையையும் இதனால் கற்றுத்தர முடியாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் வாங்கும் நிறுவனம் பணத்தோடு ஆளையும் பணயம் வைக்கிறது.

கார் ஓட்டியவரை ஏமாற்றும் வண்டி

டெக்சாஸில் பதினாறு வயதிலேயே கார் ஓட்டத் தொடங்கிவிடுவார்கள். ஃபோர்க்லிஃப்டில் முதல்முறை உட்காரும்போது அந்த அனுபவமே எதிரியாகிறது. காரின் முன்சக்கரம் திரும்பும். இதில் திரும்புவது பின்சக்கரம். இடப்பக்கம் வளைத்தால் வண்டியின் பின்புறம் வலப்பக்கமாக வீசிக்கொண்டு போகும். அங்கே ரேக்கின் தூண் நின்றாலும் அடிக்கும், ஆள் நின்றாலும் அடிக்கும். 5,000 பவுண்டு தூக்கக்கூடிய வண்டி தானே ஏறத்தாழ 8,000 முதல் 9,000 பவுண்டு இருக்கும். நடுத்தரக் கார் ஒன்றின் எடையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். அவ்வளவு எடையையும் நிறுத்தப் பெரும்பாலான வண்டிகளில் முன்சக்கரத்தில் மட்டுமே பிரேக்.

இந்த வண்டி ஒரு தராசு. முன் அச்சுதான் அதன் நடுமுள். ஒரு தட்டில் சரக்கு, மறு தட்டில் வண்டியின் பின்பக்கத்து இரும்புப் பாரம். வண்டியின் திறன் என்று தகட்டில் பொறித்திருக்கும் எண், சரக்கின் எடைமையம் ஃபோர்க்கின் செங்குத்து முகப்பிலிருந்து, வழக்கமாக, 24 அங்குலத்துக்குள் இருக்கும்போது மட்டுமே பொருந்தும். நீளமான பெட்டியை ஏற்றி எடைமையம் முன்னே தள்ளிப்போனால் தகட்டு எண்ணை நம்ப முடியாது. ஃபோர்க்கைத் தூக்கும் கம்பமான மாஸ்ட்டை உயர்த்த உயர்த்த நிலைமை இன்னும் மோசமாகும்.

பயிற்சி வகுப்புகளில் சமநிலை முக்கோணம் என்று ஒன்றை வரைந்து காட்டுவார்கள். இரண்டு முன்சக்கரங்களும், பின் அச்சு நடுவில் தொங்கும் புள்ளியும் சேர்ந்த முக்கோணம் அது. நான்கு சக்கரம் இருந்தாலும் வண்டி நிற்பது இந்த மூன்று புள்ளிகளில்தான். வண்டியும் சரக்கும் சேர்ந்த எடைமையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை கவிழாது. இதிலிருந்து வரும் ஒரு விளைவைப் புதியவர்கள் நம்பவே மறுப்பார்கள்: சரக்கு ஏற்றாத வெற்று வண்டி பக்கவாட்டில் சாய்வது இன்னும் எளிது. பாரம் இல்லாதபோது எடைமையம் பின்னால், முக்கோணம் குறுகிப்போகும் மூலைக்குப் போய்விடுகிறது. சரக்கை இறக்கிவிட்டோம் என்ற நிம்மதியில் வேகமாகத் திருப்பும் அந்தக் கணம்தான் பயங்கரமானது.

கவிழும்போது உடம்பு சொல்லும் புத்தி வேறு: குதித்துத் தப்பிக்கச் சொல்லும். குதிப்பவர் விழும் பக்கத்திலேயே வண்டியின் கூரைக்கம்பியும் விழுகிறது. பெல்ட்டோடு இருக்கையிலேயே இருந்து, கைப்பிடியை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, விழும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்வதுதான் உட்கார்ந்து ஓட்டும் வண்டிகளுக்கான விதி. பின்பக்கம் திறந்த, நின்று ஓட்டும் வண்டிகளில் இதற்கு நேர்மாறாகப் பின்னால் இறங்கி விலக வேண்டும். இந்த வேறுபாட்டை ஒரு காகிதத்தில் படித்து, ஆபத்தில் அரை விநாடிக்குள் நினைவுக்குக் கொண்டுவருவது நடக்கிற காரியமா?

அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 1999 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில் 1980 முதல் 1994 வரை ஃபோர்க்லிஃப்ட் தொடர்பாக 1,021 தொழிலாளர்கள் இறந்ததாகக் கணக்குச் சொன்னது. அதில் 22 சதவீதம் வண்டி கவிழ்ந்தது. 20 சதவீதம் நடந்துபோனவர்மேல் வண்டி மோதியது. 16 சதவீதம் வண்டியால் நசுங்கியது. 9 சதவீதம் வண்டியிலிருந்து விழுந்தது. பயிற்சி பற்றிய எந்தப் பேச்சும் இந்த நான்கு எண்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். சிமுலேட்டரை எடைபோடவும் இவையே அளவுகோல்.

சட்டம் எங்கே கோடு போட்டிருக்கிறது

இன்றைய விதி 1998 டிசம்பர் 1 அன்று வந்தது. மத்திய தொழிற்பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.178 பிரிவு, பயிற்சியை மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது பாடம்: விரிவுரை, கலந்துரையாடல், காணொளி, அச்சுப் பாடம், கணினிவழி ஊடாடும் கற்றல் எல்லாம் இதில் அடக்கம். இரண்டாவது செய்முறை: பயிற்சியாளர் செய்துகாட்ட, கற்பவர் தன் கையால் செய்வது. மூன்றாவது, அவர் வேலை செய்யப்போகும் இடத்திலேயே அவர் ஓட்டுவதைப் பார்த்து மதிப்பிடுவது. மூன்றும் முடிந்த பிறகே நிறுவனம் அவருக்குத் தகுதிச் சான்று எழுத வேண்டும். அதில் கற்றவர் பெயர், பயிற்சி நாள், மதிப்பீட்டு நாள், சொல்லிக்கொடுத்தவர் யார் என்ற விவரம் இருக்க வேண்டும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. விபத்தோ, மயிரிழையில் தப்பிய நிகழ்வோ நடந்தால், வேறு வகை வண்டிக்கு மாறினால், வேலையிடத்தின் அமைப்பு மாறினால் மறுபயிற்சி.

இந்த விதியைப் படிப்பவர்கள் கவனிக்காமல் விடும் ஒன்று உண்டு. இதில் அரசு தரும் லைசன்ஸ் கிடையாது. ஆள் தகுதியானவர் என்று சொல்லும் பொறுப்பு முழுக்க முதலாளியுடையது. இணையத்தில் ஒரு மணி நேரப் பாடம் பார்த்து, பத்துக் கேள்விக்குப் பதில் சொல்லி அச்சிட்டுக்கொள்ளும் அட்டை மூன்றில் ஒரு பங்கைக்கூட முழுதாக நிறைவேற்றாது. அதை நம்பிக் காசு கட்டுபவர்கள் கேட்டியிலும் இருக்கிறார்கள், நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். பெரும்பாலும் வேலை தேடி அலைபவர்கள் என்பதுதான் வேதனை.

வி.ஆர். இதில் எங்கே உட்காரும்? முதல் பகுதிக்குள் தாராளமாக உட்காரும். இரண்டாம் பகுதியின் வாசல்வரை வரும். மூன்றாம் பகுதிக்குள் அதற்கு இடமே இல்லை, ஏனென்றால் வேலையிடம் என்பது வேலையிடம்தான். பிரிட்டனின் வழிகாட்டி நெறியான எல்-117 இன்னும் தெளிவாக மூன்று படி வைக்கிறது: அடிப்படைப் பயிற்சி, அந்த வேலைக்குரிய பயிற்சி, மேற்பார்வையில் இடத்தோடு பழகுதல். அங்கும் சிமுலேட்டருக்குப் பொருத்தமான இடம் முதல் படி.

டெக்சாஸுக்கு இன்னொரு சங்கதி உண்டு. கலிஃபோர்னியாவுக்குச் சொந்தமாகக் கால்-ஓஷா இருப்பதுபோல இங்கே மாநில அமைப்பு இல்லை; மத்திய ஓஷா நேரடியாகப் பார்க்கிறது. அதோடு, தொழிலாளர் விபத்துக் காப்பீட்டில் சேராமல் இருக்கத் தனியார் நிறுவனங்களுக்கு டெக்சாஸ் அனுமதி தருகிறது. சேராத நிறுவனத்தின் ஊழியர் அடிபட்டால் நிறுவனத்தின் அலட்சியத்தைக் காட்டி வழக்குப் போடலாம். ஊழியரும் கவனக்குறைவாக இருந்தார் என்ற வழக்கமான எதிர்வாதம் அப்போது எடுபடாது. எனவே பயிற்சி எப்படி நடந்தது என்ற பதிவேடு இங்கே வெறும் கோப்பல்ல, நீதிமன்றத்துக்குப் போகக்கூடிய சாட்சியம். சிமுலேட்டர்கள் ஒவ்வொரு நிமிடத்தையும் பதிவு செய்வதை விற்பனையாளர்கள் பெரிதாகப் பேசுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அந்தப் பதிவு நிறுவனத்துக்கு எதிராகவும் பேசும்: பதினாறு முறை ஆளை மோதியவரை மறுநாளே வண்டியில் ஏற்றியிருந்தால் அதுவும் அதில் இருக்கும்.

பிங்ஹாம்டனில் தொடங்கிய வழி

இயந்திரத்தை ஓட்டாமலே ஓட்டப் பழக்கும் யோசனை பழையது. நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் ஆர்கன் இசைக்கருவி செய்யும் குடும்பத்தில் வளர்ந்த எட்வின் லிங்க், ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்தே ஆடும் ஒரு விமான அறையை 1929-இல் உருவாக்கினார். முதலில் அதைக் கேளிக்கைப் பூங்காக்கள்தான் வாங்கின. 1934-இல் அமெரிக்க ராணுவம் தபால் சுமக்கும் பொறுப்பை ஏற்று, மோசமான வானிலையில் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கத் தெரியாத விமானிகள் பலரை இழந்தது. அதே ஆண்டு ராணுவம் லிங்கின் பயிற்சி அறைகள் ஆறை வாங்கியது. இரண்டாம் உலகப்போரில் நேச நாட்டு விமானிகள் ஏராளமானோர் அந்த நீலப் பெட்டிக்குள் உட்கார்ந்து பழகினார்கள்.

பிங்ஹாம்டனிலிருந்து சிறிது தூரத்தில் கிரீன் என்றொரு சிற்றூர். குறுகிய சந்துகளில் ஓடும் ரீச் டிரக் வகை வண்டிகளுக்குப் பேர்போன ரேமண்ட் நிறுவனம் அங்கேதான் 1922-இல் தொடங்கியது. இப்போது அது டொயோட்டா குழுமத்தைச் சேர்ந்தது. 2018-இல் ரேமண்ட் வெளியிட்ட வி.ஆர். சிமுலேட்டர்தான் இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு. பொம்மை ஸ்டியரிங் எதுவும் கிடையாது. கற்பவர் நிஜ ரேமண்ட் வண்டியிலேயே ஏறி நிற்கிறார். வண்டியில் உள்ள ஓர் இணைப்பில் கருவியைப் பொருத்தினால் வண்டி நகராது, ஆனால் அதன் கைப்பிடிகளும் பெடலும் ஹெட்செட்டில் தெரியும் மெய்நிகர் வண்டியை ஓட்டும். நாளைக்கு எந்த லீவரைப் பிடிக்கப்போகிறாரோ அதே லீவரை இன்று பிடிக்கிறார். கை கற்றது வீணாகாது.

மற்றவை இரண்டு வகை. இருக்கையும் ஸ்டியரிங்கும் லீவர்களும் பொருத்திய மேடையில் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொள்வது ஒன்று. வெறும் ஹெட்செட்டும் இரண்டு கைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் மட்டும் இருப்பது இன்னொன்று. கடைசி வகை மலிவு. 2016-இல் ஆக்குலஸ் ரிஃப்ட் 599 டாலருக்கும் எச்.டி.சி. வைவ் 799 டாலருக்கும் வந்தபோது அவற்றோடு ஒரு வலுவான கணினியும் வாங்க வேண்டியிருந்தது. 2020-இல் கணினியே தேவைப்படாத குவெஸ்ட் 2 கருவி 299 டாலருக்கு வந்தது. பெரிய நிறுவனங்களின் விளையாட்டாக இருந்தது சிறிய கிடங்குகளின் கைக்கு எட்டியது அப்போதுதான். மலிவாக வந்தது என்பதற்காக அந்தக் கடைசி வகையை ஓட்டும் பயிற்சி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்றில் கையை அசைத்து லீவர் இழுப்பவர் லீவரைப் பழகவில்லை. ஆபத்தைக் காணும் பயிற்சிக்கு அது போதும், அதற்கு மட்டும்.

கண் கற்கும் பாடம்

நிஜக் கிடங்கில் சொல்லித்தரவே முடியாத சில பாடங்கள் இருக்கின்றன. ரேக்குகளுக்கு நடுவிலிருந்து திடீரென்று ஒருவர் கைபேசியைப் பார்த்தபடி வெளியே வருவதை எந்தப் பயிற்சியாளரும் நிஜ ஆளை வைத்து நடத்திக்காட்ட முடியாது. வண்டியைக் கவிழ்த்துக் காட்ட முடியாது. இருபதடி உயரத்திலிருந்து சரக்கு அடுக்கிய பேலட் பலகை சரிந்து விழுவதைக் காட்ட முடியாது. வி.ஆரில் இவை எல்லாவற்றையும் ஒரு காலை நேரத்தில் பலமுறை நடத்தலாம். நியோஷ் சொன்ன நான்கு வகை மரணங்களில் முதல் இரண்டையும் கற்பவர் சாகாமல், யாரையும் கொல்லாமல் சந்தித்துவிட்டு வேலைக்குப் போகலாம்.

யு.பி.எஸ். நிறுவனம் 2017-இல் தன் பயிற்சி மையங்களில் வேன் ஓட்டுநர்களுக்கு ஹெட்செட் மாட்டியபோது அவர்கள் பயின்றது இதைத்தான்: தெருவில் ஓட்டிக்கொண்டே ஆபத்துகளைக் கண்டு வாய்விட்டுச் சொல்வது. வால்மார்ட் 2018-இல் தன் அமெரிக்கக் கடைகளுக்கு 17,000 ஹெட்செட்டுகளை அனுப்பத் திட்டமிட்டது. அந்தப் பாடங்களைச் செய்த ஸ்ட்ரைவர் நிறுவனம் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடச் சூழலிலிருந்து வந்தது. முதலில் பழக்கியது அமெரிக்கக் கால்பந்து வீரர்களை. எதிரணி எங்கே நிற்கிறது என்று பார்த்து முடிவெடுக்கும் வேலையும், குறுக்குச் சந்தில் ஹாரன் அடிப்பதா நிற்பதா என்று முடிவெடுக்கும் வேலையும் ஒரே குடும்பம்.

மெய்நிகரில் கற்றது நிஜத்துக்கு மாறுமா என்ற கேள்விக்கு நல்ல ஆதாரம் தேடினால் கிடங்கைவிட அறுவைசிகிச்சை அறைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தில் 16 இளம் அறுவை மருத்துவர்களை இரண்டாகப் பிரித்து நடத்திய சோதனை 2002-இல் வெளியானது. வி.ஆரில் பழகியவர்கள் பித்தப்பை அகற்றும் சிகிச்சையில் 29 சதவீதம் வேகமாக வேலை செய்தார்கள். பழகாதவர்கள் பித்தப்பையைக் காயப்படுத்தவோ தொடக்கூடாத திசுவைச் சுடவோ ஐந்து மடங்கு வாய்ப்பு இருந்தது. அந்தச் சோதனையின் பலம், முடிவை நிஜ அறுவை மேசையில் அளந்தது. ஃபோர்க்லிஃப்ட் சிமுலேட்டர் விளம்பரங்கள் பெரும்பாலும் மிச்சமான பயிற்சி நேரத்தையும் கற்றவர் திருப்தியையும்தான் சொல்கின்றன. கிடங்குத் தரையில் இடித்த ரேக்குகள் எத்தனை குறைந்தன என்று கேட்க வேண்டும்.

எவ்வளவு நேரம் போதும் என்பதற்கு விமானத் துறை பதில் வைத்திருக்கிறது. ஸ்டான்லி ராஸ்கோ 1971-இல் எழுதிய ஆய்வின் சாரம் இது: சிமுலேட்டரில் கழிக்கும் முதல் மணி நேரம் நிஜ வானில் நிறைய நேரத்தை மிச்சப்படுத்துகிறது. அடுத்தடுத்த மணி நேரங்களின் லாபம் குறைந்துகொண்டே போகிறது. ஒரு கட்டத்துக்குமேல் நிஜ வண்டியில் ஏறுவதே சிக்கனம். கிடங்குக்கும் இது பொருந்தும். பாடத்திட்டத்தில் சிமுலேட்டர் நேரம் நீண்டுகொண்டே போனால், வண்டியை வேலையிலிருந்து விடுவிக்க நிறுவனத்துக்கு மனமில்லை என்றுதான் நான் பொருள் கொள்வேன்.

இன்னொரு பயனை யாரும் உரக்கச் சொல்வதில்லை. அமெரிக்கச் சட்டப்படி பதினெட்டு வயது நிறையாதவரைக் கிடங்கு வேலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்ட வைக்கக் கூடாது. சிமுலேட்டர் ஃபோர்க்லிஃப்ட் அல்ல. கேட்டி ஐ.எஸ்.டி.க்குத் தொழிற்கல்விக்கென்றே மில்லர் மையம் இருக்கிறது. அதைப் போன்ற இடங்களில் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் சமநிலை முக்கோணத்தையும் பின்பக்க வீச்சையும் சட்டத்தை மீறாமல் பழகலாம். கல்லூரிக்குப் போகாத பிள்ளை பதினெட்டாவது பிறந்தநாளில் வெறுங்கையோடு வேலை கேட்டு நிற்க வேண்டியதில்லை.

உடம்பு கற்காத பாடம்

இனி மறுபக்கம். பிரேக்கை மிதிக்கும்போது 9,000 பவுண்டு வண்டியும் ஏற்றிய சரக்கும் முன்னே தள்ளுவதை உடம்பு உணர வேண்டும். பின்சக்கரம் லேசாவது ஸ்டியரிங்கில் தெரிய வேண்டும். நின்ற இடத்தில் நிற்கும் மேடை இதைச் சொல்லாது. ஆடும் மேடைகள் சற்றுச் சொல்லும், ஆனால் அவை விலை உயர்ந்தவை. கண் வளைவைப் பார்க்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அசைவே இல்லை என்று சொல்ல, வயிறு புரட்டுகிறது. முன் அச்சைச் சுற்றிச் சட்டென்று திரும்பும் ஃபோர்க்லிஃப்ட் இந்தக் குழப்பத்தைக் கூட்டும் வண்டி. தலைசுற்றும் ஆளை வற்புறுத்தி உட்கார வைப்பது பயிற்சி ஆகாது. ஹெட்செட்டின் இரு வில்லைகளுக்கு இடையிலுள்ள தூரம் கண்களின் இடைவெளிக்குப் பொருந்தாதபோது இந்தத் தொல்லை அதிகமாகிறது. அந்தப் பொருத்தமின்மை பெண்களுக்கே கூடுதலாக நேர்கிறது என்று 2020-இல் வந்த ஆய்வு ஒன்று காட்டியது. மயக்கம் வந்த பெண்ணை இந்த வேலைக்குச் சரிப்பட மாட்டார் என்று கழித்துவிட்டால், அது கருவியின் குறையை ஆளின் தலையில் கட்டுவது.

தொலைவு இன்னொரு சிக்கல். மெய்நிகர் சூழல்களில் தொலைவைக் கணிப்பது பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2013-இல் வந்த கட்டுரை, மக்கள் சராசரியாக உண்மைத் தொலைவில் முக்கால் பங்காகவே மதிப்பிட்டதாகச் சொன்னது. பின்னர் வந்த ஹெட்செட்டுகள் இதில் தேறியிருக்கின்றன. ஆனாலும் ஃபோர்க்கின் நுனி பேலட்டின் துளைக்குள் நுழைவதும், மேல் அடுக்கில் சரக்கை விளிம்புக்குச் சரியாக வைப்பதும் அங்குலக் கணக்கு. அந்த அங்குலத்தை நிஜ பேலட்டில்தான் பழக வேண்டும்.

அப்புறம் தரை. ஹூஸ்டன் பக்கத்து ஈரக்காற்றை இங்கே வாழ்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குளிர்ந்த இரவுக்குப் பின் வளைகுடாவிலிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து திறந்த லாரிக் கதவுகள் வழியே நுழையும்போது, குளிர்ந்த கான்கிரீட் தரை வியர்த்துவிடும். கண்ணுக்குப் பளபளப்பாக மட்டும் தெரியும் அந்த ஈரத்தில் சக்கரம் வழுக்கும். சரக்கு ஏற்றி இறக்கும் மேடையான டாக்கில் நிற்கும் டிரெய்லருக்குள் ஃபோர்க்லிஃப்ட் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் டிரெய்லர் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நகரக்கூடும். சக்கரத்துக்குக் கட்டை வைத்தார்களா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். இந்தப் பழக்கங்கள் இடத்தோடு ஒட்டியவை. எந்தக் கதவு, எந்தச் சரிவு, எந்த மூலையில் கண்ணாடி இல்லை என்பதெல்லாம் அந்தக் கிடங்கின் பாடம்.

எனக்கு எல்லாவற்றையும்விட அச்சம் தருவது தன்னம்பிக்கை. பி.டபிள்யூ.சி. நிறுவனம் 2020-இல் வெளியிட்ட ஆய்வில் வி.ஆரில் கற்றவர்களின் தன்னம்பிக்கை 275 சதவீதம் வரை கூடியது என்ற எண்ணை எல்லா விற்பனையாளர்களும் எடுத்தாள்கிறார்கள். அந்த ஆய்வு அலுவலக மேலாளர்களுக்கான பழகுதிறன் பயிற்சியைப் பற்றியது. வண்டி ஓட்டுவதைப் பற்றியது அல்ல. ஊழியரிடம் கடினமான பேச்சைத் தொடங்க மேலாளருக்குத் தன்னம்பிக்கை நல்லது. புதிய ஆபரேட்டருக்குத் திறமைக்கு முன்னால் ஓடும் தன்னம்பிக்கையைவிடக் கொஞ்சம் பயம் மேல். மெய்நிகரில் மோதினால் திரை சிவந்து பாடம் மறுபடி தொடங்கும். இரண்டு நாள் இப்படிப் பழகியவர் எதற்கும் மறுவாய்ப்பு உண்டு என்ற எண்ணத்தோடு தரைக்கு வரக்கூடாது. நல்ல பயிற்சியாளர்கள் மோதல் நடந்ததும் ஹெட்செட்டைக் கழற்றச் சொல்லி, என்ன நடந்தது என்று கற்பவர் வாயாலேயே சொல்ல வைப்பார்கள். அதற்குப் பின்தான் அடுத்த சுற்று.

எந்த மொழியில் சொல்லித்தருவது

2010 ஏப்ரலில் ஓஷா தன் கொள்கையைத் தெளிவாக்கியது: பயிற்சி என்று விதி சொல்லும் இடத்தில் எல்லாம், தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் சொற்களிலும் அதைத் தர வேண்டும். ஹூஸ்டன் கிடங்குகளில் ஸ்பானிஷ் பேசுபவர்கள் மிகுதி, வியட்நாமியர்களும் உண்டு. வி.ஆர். பாடத்தின் குரலை மாற்றுவது, பல மொழி பேசும் பயிற்சியாளர்களைத் தேடுவதைவிட எளிது. இந்தக் கருவியின் பெரிய நன்மைகளில் இதையும் சேர்ப்பேன்.

தமிழுக்கும் இதில் பங்கு உண்டு. சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளர்களுக்கான பாதுகாப்பு அறிமுகப் பயிற்சி தமிழிலும் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவெடுத்த ஸ்கில்வெரி நிறுவனம் வெல்டிங் பழக்கும் சிமுலேட்டர்களைச் செய்கிறது. வெல்டிங்குக்கு இது மிகவும் பொருந்துகிறது: கையின் கோணம், வேகம், தூரம் மூன்றையும் கருவி அளந்து உடனே சொல்லும், ராடும் இரும்பும் வீணாகாது. அதே வளாகத்தில் தொடு உணர்வை ஆராயும் டச் லேப், மெய்நிகர் தொழில்நுட்பத்துக்கான எக்ஸ்டிக் மையம் இரண்டும் பேராசிரியர் மணிவண்ணன் தலைமையில் இயங்குகின்றன. மெய்நிகர் பொருளின் கனத்தைக் கைக்கு உணர்த்துவது எப்படி என்று ஆராய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள், ஃபோர்க்லிஃப்ட் சிமுலேட்டருக்கு இன்று இல்லாததும் அந்தக் கனம்தான். ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் கிடங்குகளால் நிறைந்திருக்கின்றன. லாஜிஸ்டிக்ஸ் துறைக்கான திறன் குழுமமும் சென்னையில்தான் இருக்கிறது. தமிழில் பேசும் ஃபோர்க்லிஃப்ட் சிமுலேட்டர் ஒன்று சென்னையில் உருவாக எல்லாப் பொருத்தமும் இருக்கிறது. அது உருவானால் ஒரகடத்துக்கும் சிங்கப்பூருக்கும் சேர்ந்தே பயன்படும்.

கேட்டிக்குத் திரும்புவோம். பெரிய நிறுவனங்கள் தங்கள் பயிற்சி மையத்தைத் தாங்களே நடத்திக்கொள்ளும். நான் நினைப்பது மூன்று நான்கு வண்டிகள் மட்டும் வைத்திருக்கும் இறக்குமதிக் கடைகள், தரை ஓடு விற்பவர்கள், மளிகை மொத்த வியாபாரிகள். அவர்களில் நம்மவர்களும் உண்டு. ஒரு நல்ல சிமுலேட்டரைத் தனியாக வாங்க அவர்களுக்குக் கட்டாது. டெக்சாஸ் வேலைவாய்ப்பு ஆணையத்தின் திறன் மேம்பாட்டு நிதி, சமுதாயக் கல்லூரிகளோடு சேர்ந்து நிறுவனங்களுக்கேற்ற பயிற்சியை நடத்தவே ஏற்பட்டது. கேட்டியிலேயே வளாகம் வைத்திருக்கும் ஹூஸ்டன் சமுதாயக் கல்லூரியில் ஒரு சிமுலேட்டர் கூடம் இருந்தால் பத்துக் கடைகள் சேர்ந்து விண்ணப்பிக்கலாம். ஆள் அங்கே கண்ணைப் பழக்கிவிட்டு, கடைக்கு வந்து வெறும் வண்டியில், பிறகு எடை குறைந்த சரக்கோடு, பிறகு முழுச் சரக்கோடு, கண்காணிப்பாளர் பக்கத்தில் நிற்க ஓட்டலாம்.

இடைத்தரகு நிறுவனங்கள் வழியாக வரும் தற்காலிகத் தொழிலாளிகள்தான் இதில் பெரும்பாலும் விட்டுப்போகிறார்கள். பண்டிகைக் காலம் நெருங்கும்போது கிடங்குகள் ஆட்களை வாரக்கணக்கில் எடுக்கின்றன. ஆளை அனுப்பும் நிறுவனமும் வேலை வாங்கும் கிடங்கும் பயிற்சிக்குச் சேர்ந்தே பொறுப்பு என்கிறது ஓஷா: பொதுப் பாடத்தை அனுப்புபவர் தரலாம், இடத்துக்குரிய பாடத்தையும் மதிப்பீட்டையும் கிடங்குதான் தர வேண்டும். அனுப்பும் நிறுவனம் ஹெட்செட்டில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துச் சான்று எழுதிக் கொடுக்க, கிடங்கு அந்தக் காகிதத்தைப் பார்த்துச் சாவியைக் கொடுக்க, நடுவில் ஒருவரும் அந்த ஆள் ஓட்டுவதைப் பார்க்காமலே போய்விடலாம். எனவே வி.ஆர். வாங்கும் ஒவ்வொரு கிடங்கும் அதோடு ஒரு பயிற்சியாளரின் நேரத்தையும் கணக்கில் ஒதுக்க வேண்டும். புதிய ஆள் முதன்முதலாகச் சரக்கைத் தூக்கும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது மட்டுமே அன்று அந்தப் பயிற்சியாளரின் வேலையாக இருக்க வேண்டும், மற்றொரு வண்டியை ஓட்டுவதாக இருக்கக் கூடாது.